நாற்பது நிமிடமும் இருபத்து நான்கு கொக்குகளும்

பதினேழாவது கொக்கு தரையிறங்கும்போது லேப்டாப் அணைந்துவிட்டது.

என்ன கொக்கு, எந்த லேப்டாப் என்று கேட்பீர்கள். நியாயம்தான். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் அரட்டை அடித்து அடித்து, என் வீட்டில் நடப்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும் என்கிற நினைப்பு எனக்கு வந்துவிட்டது. கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறோம். வீடு என் மனைவி வசந்தாவுடையது. பின்பக்க அறையில் இருக்கும் தறி அவள் தம்பி தயாளனுடையது. முன் அறையில் ஜன்னலோரம் இருக்கும் மேசையும், அதற்கு நேர் மேலே சுற்றும் சீலிங் ஃபேனும் என்னுடையவை. சுருக்கமாகச் சொன்னால், வீட்டோடு மாப்பிள்ளை. அந்த மேசையில் உட்கார்ந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன். எழுதுகிறவனுக்குக் காற்று வேண்டும் இல்லையா?

வசந்தா புடவைக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக பார்டரும் முந்தியும் வரைவாள். அதை பென் டிரைவில் ஏற்றி, தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில் செருகிவிட்டால் மிச்சத்தைத் தயாளன் பார்த்துக்கொள்வான். இத்தனை வருடமும் கடைகளுக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்குப் போகிற டிசைனில் வரைந்தவள் பெயர் எங்கேயும் இருக்காது. அவள் போட்ட யானையும் மயிலும் அன்னமும் கடைப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடும்.

இந்தச் சித்திரையில்தான் முதல் தடவையாக ஒரு பெண் நேராக வசந்தாவைத் தேடி வந்தாள். தென்னேரிப் பெண். பெயர் பவித்ரா. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. வைகாசிக் கடைசியில் கல்யாணம். கூடவே அவள் அம்மா.

"அக்கா, மயிலு வேணாங்க்கா. எல்லார் பொடவையிலயும் மயிலுதான் இருக்குது. எங்க ஏரிக்குக் கொக்கு வருதில்ல... அது வேணும்" என்றாள் பவித்ரா.

அம்மாவுக்கே அது புதுச் செய்தி போலிருக்கிறது. "கல்யாணப் பொடவையில கொக்காடி?"

"ஆமாம்மா. முந்தியில இருபத்திநாலு கொக்கு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கக் கூடாது. ஒண்ணு ஒத்தக்கால்ல நிக்கணும், ஒண்ணு மீனைப் பாத்துக்கினு இருக்கணும், ஒண்ணு அப்பத்தான் எறங்கிக்கினு இருக்கணும். தெனம் வேலைக்குப் போகும்போது பஸ்ல இருந்து பாப்பேங்க்கா. இனிமே பாக்க முடியாதில்ல."

வசந்தாவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த மாதிரி ஒரு முகத்தை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒன்று, மகன் பிறந்தபோது. இன்னொன்று எப்போது என்று ஞாபகமில்லை... நிச்சயமாக நான் பெண் பார்க்கப் போனபோது இல்லை.

பவித்ராவின் அம்மா மட்டும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கறாராகச் சொன்னார்: "பத்து நாள்ல தறியில ஏத்திடணும்மா. இல்லேன்னா கடையில ரெடியா இருக்கறதுல ஒரு மயிலை எடுத்துடுவோம். முகூர்த்தத்தைத் தள்ளிப் போட முடியாதில்ல."

பத்து நாள். இருபத்து நான்கு கொக்கு. வசந்தாவுக்கு முதல் முதலாகச் சொந்தமாக வந்த ஒரே ஒரு ஆர்டர். கணக்கு இவ்வளவுதான். ஆனால் லேப்டாப் என்று ஒன்று இருந்ததே!

அது எங்கள் மகன் காலேஜில் தேய்த்து முடித்துவிட்டு, ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது "அம்மாவுக்கு இருக்கட்டும்" என்று பெருந்தன்மையோடு விட்டுப் போனது. ஒரு மயிலை வரைந்து அதையே இருபது தடவை காப்பி அடிக்கும்வரை சமத்தாகத்தான் இருந்தது. இருபத்து நான்கு கொக்குக்கும் தனித்தனிக் கழுத்து, தனித்தனிக் கால் என்றதும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆன் செய்து பத்தாவது நிமிடம் உள்ளே விசிறி இரையும். இருபதாவது நிமிடம் அடிப்பக்கத்தில் தோசை ஊற்றலாம். நாற்பதாவது நிமிடம் — ஸ்கிரீன் கறுத்துவிடும். அரை மணி நேரம் ஆறப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும்.

"ஏங்க... மறுபடியும் போச்சு!"

பின் அறையிலிருந்து இந்தக் குரல் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வந்தது. போகும்போது அரைக் கொக்கையும் எடுத்துக்கொண்டு போய்விடும். 'சேவ்' செய்துகொண்டே வரைய வேண்டியதுதானே என்று நான் சொன்னேன். சொன்ன பிறகு அவள் பார்த்த பார்வையில், அந்த யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுத் தறி அறையில் ஃபேன் கிடையாது. அக்னி நட்சத்திரமானாலும் கிடையாது. நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிற இழைகளைப் பாவு என்போம். பட்டுப் பாவு முடியைவிட மெலிசு. காற்று பட்டால் காய்ந்து அறும். ஆடினால் ஒன்றோடு ஒன்று சிக்கும். அதனால் வெயில் ஏற ஏற, தயாளன் ஈரத்துணியைப் பிழிந்து தறிக்கு அடியில் விரித்துவைப்பான்.

அதாவது, தறிக்கு ஈரம் வேண்டும், காற்று ஆகாது. லேப்டாப்புக்குக் காற்று வேண்டும், ஈரம் ஆகாது. இரண்டும் ஒரே அறையில், நான்கடி தூரத்தில்! எந்த ஜோசியரும் பொருத்தம் பார்க்காமல் நடத்திவைத்த ஏற்பாடு.

லேப்டாப்பை வேறு அறைக்கு மாற்றலாமே என்பீர்கள். பாவின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வசந்தா கொக்கின் இறகுக்கு ஜரிகையா, வெள்ளைப் பட்டா என்று முடிவு செய்வாள். தவிர, வேறு அறை என்று பார்த்தால் முன் அறை ஒன்றுதான். அங்கே நான் ஒரு முக்கியமான பத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே பிரச்சினையை லேப்டாப் பக்கத்திலிருந்தே தீர்ப்பது என்று முடிவு செய்தேன். கூலிங் டிபார்ட்மென்ட்டின் முழுப் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான்.

முதல் நாள், அம்மிக்கல். கல் எப்போதும் குளிர்ச்சி அல்லவா? கொல்லையில் சும்மா கிடந்த அம்மியை நான் ஒருவனாகவே நகர்த்தி, வாசற்படி தாண்டி, தறி அறை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தேன். கல் பட்டு லேப்டாப்பில் கீறல் விழக் கூடாதே என்று, வழக்கமாக லேப்டாப்புக்கு அடியில் மடித்துப் போட்டிருக்கும் பழைய பட்டு வேட்டியை அம்மி மேலும் விரித்தேன்.

வசந்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அம்மி மேல வெச்சா, நானு தரையில குந்திக்கினு கொக்கு வரையணுமா?"

"ரெண்டு நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்றேன்.

அட்ஜஸ்ட் செய்துகொண்டாள். லேப்டாப் முப்பத்தைந்தாவது நிமிடமே அணைந்தது. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. லேப்டாப்பைக் குளிர வைக்கப் போனவனுக்கு அன்று சாயங்காலம் வெந்நீர் ஒத்தடம்.

மூன்றாம் நாள், பனையோலை விசிறி. பெருமாளுக்குச் சாமரம் வீசுகிற பாவனையில் லேப்டாப்பின் முதுகுப் பக்கம் நின்று வீசினேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த எதிர்வீட்டு அம்மா, "இன்னா சார்... புதுசா ஏதும் வேண்டுதலா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். வசந்தா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் இந்தப் பக்கமும்..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "பேசாத, டைமை பாத்துக்கினு இருக்கேன்" என்றேன். நாற்பத்திரண்டு நிமிடம் தாங்கியது! இரண்டு நிமிட முன்னேற்றம். என் தோள்பட்டை இருந்த நிலையில் அந்த இரண்டு நிமிடத்தைக் கொண்டாட முடியவில்லை.

ஐந்தாம் நாள் செய்த காரியத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

தயாளன் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தான். கொக்குப் புடவைக்கான பாவு தறியில் ஏறி, டிசைனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம்தானே... பரண்மேல் இருந்த டேபிள் ஃபேனை எடுத்துவந்து லேப்டாப்பைப் பார்க்க வைத்து, ஸ்விட்சைப் போட்டேன். ஆகா, என்ன காற்று! லேப்டாப் சில்லென்று ஆனது. வசந்தாகூட ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

நான் செய்த தவறு, ஃபேனின் தலைக்குப் பின்னால் இருக்கும் குமிழை அழுத்தாமல் விட்டது. அது தலையைத் திருப்ப ஆரம்பித்தது. லேப்டாப்பைப் பார்த்தது. சுவரைப் பார்த்தது. பிறகு நிதானமாகத் தறியைப் பார்த்தது...

நாங்கள் இரண்டு பேரும் ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தயாளன் உள்ளே வந்தபோது பாவு படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பாதியில் பன்னிரண்டு இழை அறுந்து, சுருண்டு, ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன.

அவன் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போய் ஃபேனை அணைத்தான். ஒயரைச் சுற்றினான். "அக்கா, இத்த எங்கிருந்து எடுத்தாரோ அங்கியே வெக்கச் சொல்லு" என்றான். நான் ஒன்றரை அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இழை இழையாக முடிச்சுப் போட்டான். அடுத்த மூன்று நாளும் என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. "அக்கா, மாமாவை டீ குடிக்கச் சொல்லு." "அக்கா, மாமாவுக்கு போன் வருது." நான் பக்கத்திலேயே இருப்பேன்.

எப்படியாவது அவனைச் சமாதானப்படுத்த வேண்டுமே? யோசித்தேன். தறிக்கு ஈரத்துணி போடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வெயில் ஏறியதும் வாளியில் தண்ணீர் எடுத்து வருவேன், துணியை நனைப்பேன், பிழிவேன், தறிக்கு அடியில் விரிப்பேன். தயாளன் பார்ப்பான். பார்த்துவிட்டுத் தறிப் பக்கம் திரும்பிக்கொள்வான். ஆனால் மூன்றாவது நாள் வாளியை அவனே என் பக்கம் தள்ளிவைத்தான். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சமாதானப் பேச்சுவார்த்தை.

பத்தாம் நாளும் வந்தது.

காலையில் பவித்ராவின் அம்மா போன் செய்தார். "இன்னைக்குச் சாயங்காலம் தறியில ஏறுதாம்மா? இல்லேன்னா சொல்லிடுங்க, நாளைக்கு நாங்க கடைக்குப் போறோம்." ஏறிவிடும் என்றாள் வசந்தா. குரல் தெளிவாகத்தான் இருந்தது. போனை வைத்ததும் நேராக லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானம் இரண்டு மணி. இருபத்திரண்டு கொக்கு முடிந்துவிட்டது. இன்னும் இரண்டே இரண்டு. வசந்தா ஒரு வாய் மோர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போனாள். முப்பத்தெட்டாவது நிமிடம். லேப்டாப் இரைந்துகொண்டிருந்தது. நான் வாளியோடு தறிக்கு அடியிலிருந்து எழுந்தேன். கையில் ஒரு துணி மிச்சம் இருந்தது. நன்றாக நனைத்து, சுமாராகப் பிழிந்த துணி. இன்னொரு கையால் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவில்லை. நாலைந்து நாளாக அதே வேலையைச் செய்த கை. சூடு என்றால் ஈரத்துணி. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். லேப்டாப்பின் முதுகில், காற்றுப் போகும் சல்லடை மேல், துணியைப் பதமாக விரித்தேன். ஓரத்தை நீவிக்கூட விட்டேன்.

ஸ்கிரீன் ஒரு தடவை சிமிட்டியது. பிறகு கறுத்தது.

வசந்தா மோர் டம்ளரோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இருபத்திரண்டு கொக்குங்க" என்றாள்.

"பென் டிரைவ்ல...?"

"பன்னெண்டுதான் இருக்குது."

அந்த நிமிடம் நான் எப்படி இருந்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு முதல் முறையாக அவள் பெயரைச் சொல்லி ஒரு வேலை வந்தது. அதன் மேல் நான் ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

பேச்சை முதலில் ஆரம்பித்தது தயாளன்தான். "மாமா, வண்டியில ஏறு!"

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கரீம் பாய் கடை. லேப்டாப், செல்போன், மிக்ஸி என்று எது போனாலும் எங்கள் தெருவுக்கு அவர்தான். தயாளன் பைக்கை விரட்டினான். தண்ணீர் வடியட்டும் என்று, லேப்டாப்பை இரண்டு கையாலும் கவிழ்த்துப் பிடித்தபடி நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வழியில் கட்சிக்காரர்களின் நீர்மோர்ப் பந்தல். ஒருவர் ஓடிவந்து வண்டியை நிறுத்தி டம்ளரை நீட்டினார். "சாப்புடுங்கண்ணா, வெயிலுக்கு நல்லது!"

நான் பதறிப்போய் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டேன். "வேணாம்பா! இது ஏற்கெனவே குடிச்சிருக்குது!"

கரீம் பாய் நிதானமான மனிதர். நடந்ததைத் தயாளன் சொன்னான். என்னைக் காட்டிக் கொடுக்காமல், "தண்ணி பட்டுடுச்சு பாய்" என்று பொதுவாகச் சொன்னான். கரீம் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றி, மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார்... இது லேப்டாப்பா, தலகாணியா?"

எட்டிப் பார்த்தோம். உள்ளே இருந்த சின்ன விசிறியைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்திலும், காற்றுப் போகிற சல்லடை முழுக்கவும், மெத்தை மாதிரி பஞ்சு. எல்லாம் தறியிலிருந்து பறந்து வந்த பட்டுத் தூசி. நடுநடுவே ஜரிகைத் துணுக்கு வேறு மினுமினுத்தது. கரீம் பாய் இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுக்க, அது பிய்யாமல் முழுசாக வெளியே வந்தது.

தயாளன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். அவன் முகம் மாறியது. "மாமா, இங்க பாரேன். மேல இருக்கறது இந்த அரக்கு... இப்பத் தறியில ஏத்தின பாவு. அதுக்குக் கீழ மாம்பழக் கலரு, தை மாசம் போச்சே அது. இது கிளிப்பச்சை... இது நம்ம தீபாவளிக்கு நெஞ்சது!" ஒன்றரை வருடத்தில் அவன் நெய்த அத்தனை புடவையும் அடுக்கடுக்காக அங்கே இருந்தது. நாங்கள் லேப்டாப் ரிப்பேருக்கு வந்ததையே ஒரு நிமிடம் மறந்துவிட்டோம்.

"அத்த அப்பறம் பாக்கலாம் தயாளா. புழிஞ்சு பாரு" என்றார் கரீம் பாய்.

பிழிந்தான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"அல்லா காப்பாத்தினான்!" என்று சிரித்தார். "சல்லடை வழியா எறங்கின தண்ணி மொத்தத்தையும் இந்தப் பஞ்சே குடிச்சிடுச்சு சார். உள்ள போர்டு காஞ்சுதான் இருக்குது. சூடு தாங்காம அதுவா ஆஃப் ஆயிருக்குது, அவ்ளோதான்."

ஆக, இத்தனை நாளும் எதனால் சூடானதோ, அதுதான் என்னிடமிருந்து அதைக் காப்பாற்றியிருக்கிறது. நான் ஒழுங்காக மாதம் ஒரு தடவை சுத்தம் செய்து வைத்திருந்தால் இருபத்திரண்டு கொக்கும் அன்றே போயிருக்கும். சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு நன்மை கிடைத்ததை என் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன்.

பிரஷ்ஷால் தட்டி, ஊதி, நன்றாகக் காயவைத்து, சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவிக்கொண்டே கரீம் பாய் விசாரணையை ஆரம்பித்தார். "வீட்ல எது மேல வெச்சு வேலை செய்றீங்க?"

"பட்டு வேஷ்டிய மடிச்சுப் போட்டு..."

"ராத்திரியில?"

"தூசி விழக் கூடாதுன்னு துணி போத்திடுவோம்" என்றான் தயாளன். தறியைப் போர்த்தும்போது அதையும் சேர்த்துப் போர்த்திவிடுவான், சூடாக இருக்கும்போதே.

"மெத்தை போட்டாச்சு, தலகாணி குடுத்தாச்சு, போர்வையும் போத்தியாச்சு. அப்பறம் சுடுதுன்னா இன்னா சார் அர்த்தம்?" என்றார். "அடியில ரெண்டு கட்டையை வெச்சுத் தூக்கி விடுங்க. காத்து போவணும், அவ்ளோதான் விஷயம். மாசம் ஒரு வாட்டி பிரஷ் போடுங்க. இன்னொண்ணு, இத்தத் தறி ரூம்புல வெக்காதீங்க. ஃபேன் இருக்குற ரூம்பு ஒண்ணுகூடவா இல்ல வீட்ல?"

"இருக்குது. அங்க நான் எழுதறேன்" என்றேன்.

கரீம் பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஸ்குரூவை முடுக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப் இரண்டு மரக்கட்டை மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்... அணையவே இல்லை. இருபத்து மூன்றாவது கொக்கு சிறகை விரித்தது. இருபத்து நாலாவது, கரையில் நின்று திரும்பிப் பார்த்தது. பென் டிரைவ் ஜக்கார்டு பெட்டிக்குள் போனது. வசந்தா தென்னேரிக்குப் போன் செய்து, "ஏறிடுச்சும்மா" என்றாள். லேப்டாப்தான் சூடாகவில்லையே, இடத்தை மாற்றுவானேன்? அது அங்கேயே இருந்தது. அவளும் அங்கேயே இருந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இது லேப்டாப் பராமரிப்புக் குறிப்பாகப் போயிருக்கும். போன வாரம் கல்யாணம்.

வாலாஜாபாத்தில் மண்டபம். நாங்கள் மூன்று பேரும் போனோம். பவித்ரா கொக்குப் புடவையில் மேடைக்கு வந்தாள். என்ன சொல்ல... அரக்கு நிறத்தில் ஏரி மேல் சாயங்காலம் இறங்கின மாதிரி ஒரு முந்தி, அதில் இருபத்து நான்கு கொக்கு. முன் வரிசைப் பெண்கள் எழுந்து போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "யாரு போட்டது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பவித்ரா கையை நீட்டிக் காட்டினாள்: "அதோ, அந்த நீலப் பொடவை அக்கா. வசந்தாக்கா." மயில் கேட்ட அம்மாவும், ஏதோ கொக்கு தன்னுடைய யோசனை என்பது போல நாலு பேரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் பெண்ணுக்கு வியர்த்து ஊற்றியது. இருக்காதா? வைகாசி வெயில், கனமான பட்டு, முகத்துக்கு நேரே வீடியோக்காரரின் விளக்கு, முதுகுக்குப் பின்னால் பூ அலங்காரத் தட்டி. ஒரு இண்டு இடுக்கிலும் காற்றுப் போக வழியில்லை. இந்த விஷயத்தில் இப்போது நான் நிபுணன் அல்லவா? மேடை ஓரத்தில் இருந்த பெரிய ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்து, பெண்ணைப் பார்க்கத் திருப்பி, ஸ்விட்சைப் போட்டேன். முந்தி லேசாக ஆடியது. கொக்கெல்லாம் பறக்கிற மாதிரியே இருந்தது.

எங்கிருந்துதான் வந்தானோ தயாளன்! பட்டு மேல் காற்று படுவதைப் பார்த்தது கண். பந்தி வரிசையிலிருந்து நாலே எட்டில் மேடையேறி, டப்பென்று ஃபேனை அணைத்துவிட்டான். ஒயரைக் கூடச் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

பவித்ரா மேடையிலிருந்தே கத்தினாள்: "அண்ணா! பொடவைக்குள்ள நானும் இருக்கேன்ணா!"

மண்டபமே சிரித்தது. தயாளன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஃபேனைப் போட்டான். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே வசந்தா பக்கம் திரும்பினேன்.

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தத் துடைப்பை நான் பத்து நாள் பார்த்திருக்கிறேன். அம்மி முன்னால் தரையில் உட்கார்ந்து துடைத்தாள். நான் லேப்டாப்புக்கு விசிறும்போது, "கொஞ்சம் இந்தப் பக்கமும்" என்று துடைத்தாள். டேபிள் ஃபேன் போட்டபோது கண்ணை மூடிச் சாய்ந்தாளே... அதையும் பார்த்தேன். லேப்டாப் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று எனக்கு மனப்பாடம். தறிக்கு எத்தனை துணி வேண்டும் என்பதும் மனப்பாடம். நடுவில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் தோன்றவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாட்டில் பாயசம் இரண்டு வகை. இரண்டுமே இறங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெல்லக் கேட்டேன். "ஏன் வசந்தா, நீ முன் ரூமுக்கு வந்திருக்கலாமே. பாவு கலரு பாக்கணும்னுதான்..."

"நாலு இழையக் கையில எடுத்துக்கினு வந்தாப் போதுமே" என்றாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க எழுதிக்கினு இருந்தீங்க."

அந்தப் பத்து நாளில் ஒரு முக்கியமான பத்தி எழுதிக்கொண்டிருந்தேன் என்றேனே, எதைப் பற்றி என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கோடைக்காலத்தில் வீட்டில் இருப்பவர்களை எப்படியெல்லாம் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது பற்றி. உங்களில் பலர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டிருந்தீர்கள்.

மறுநாள் காலையிலேயே மேசையைக் காலி செய்து கொடுத்துவிட்டேன். ஜன்னல், ஃபேன், மேசை எல்லாம் இப்போது வசந்தாவுக்கு. பக்கத்தில் நாலு இழை, இரண்டு கட்டை மேல் லேப்டாப். கல்யாணத்தில் புடவையைப் பார்த்துவிட்டுத் திருப்புட்குழியிலிருந்து ஒரு பெண் வந்து, முந்தியில் மீன்கொத்தி கேட்டிருக்கிறாள்.

நானா? இந்தப் பத்தியைத் தறி அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஃபேன் கிடையாது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை நானே அணைந்துவிடுகிறேன்.